ஒரு யூனிட் கூடினால் 243 ரூபாயா? கரண்ட் பில்லில் உள்ள வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்?

எதிரெதிர் வீடுகள். ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடியிருக்கிறது. பில் 1,805 ரூபாய். எதிர் வீட்டில் 501 யூனிட். பில் 2,048 ரூபாய். “ஒரே ஒரு யூனிட்தானே கூட ஓடியிருக்கு, அதுக்கு 243 ரூபாயா? மீட்டர்ல ஏதோ கோளாறு” என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

மீட்டரில் எந்தக் கோளாறும் இல்லை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வீட்டு மின் கட்டண அட்டவணைப்படி இரண்டு பில்லுமே சரி. மொபைலுக்கு எஸ்எம்எஸ் வந்ததும் தொகையை மட்டும் பார்த்து ஜிபே-யில் கட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கண்ணில் படுவதே இல்லை. யூனிட், ஸ்லாப், மானியம், கணக்கீட்டு நாள், டெபாசிட் என்று பில்லில் வரும் சில வார்த்தைகளைப் புரிந்துகொண்டால், அந்த 243 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். அதைத் தவிர்க்க முடியுமா என்பதும் தெரியும்.

யூனிட் என்றால் என்ன?

ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி. 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2,000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் அதே ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். 75 வாட் சாதாரண ஃபேன் 13 மணி நேரத்துக்கு மேல் சுற்றினால்தான் ஒரு யூனிட் ஆகும். 28 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 35 மணி நேரம் தாங்கும். பில் எகிறும்போது ஃபேனையும் லைட்டையும் சந்தேகப்படுவதைவிட, சூடாக்கும், குளிர்விக்கும் சாதனங்களைப் பார்ப்பதே சரி என்பது இதிலிருந்து புரியும்.

ஸ்லாப்: படிப்படியாக ஏறும் விலை

வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. பயன்பாடு கூடக் கூட, கூடுதல் யூனிட்டின் விலையும் ஏறும். இந்தப் படிகள்தான் ‘ஸ்லாப்’. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த மாற்றத்துக்குப் பிறகு, இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு இருந்த கணக்கு இது:

முதல் 100 யூனிட்: இலவசம்
101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு ரூ.2.35
201 முதல் 400 வரை: ரூ.4.70
401 முதல் 500 வரை: ரூ.6.30

500-ஐத் தாண்டினால் அட்டவணையே மாறிவிடுகிறது:

முதல் 100 யூனிட்: இலவசம்
101 முதல் 400 வரை: ரூ.4.70
401 முதல் 500 வரை: ரூ.6.30
501 முதல் 600 வரை: ரூ.8.40
601 முதல் 800 வரை: ரூ.9.45
801 முதல் 1,000 வரை: ரூ.10.50
அதற்கு மேல்: ரூ.11.55

2025 ஜூலையில் 3.16% கட்டண உயர்வு வந்தபோது, வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை மாநில அரசே ஏற்றுக்கொண்டது. கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். வசூலிப்பது, 2024-ல் பழைய டான்ஜெட்கோ பிரிக்கப்பட்டபோது உருவான தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பேச்சு வழக்கில் இன்னும் ‘ஈபி’தான்.

மானியம்: 500-ல் நிற்கும் சுவர்

இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் ஒரே இடத்தில்தான். 101 முதல் 200 வரையிலான 100 யூனிட்டுக்கு, 500-க்குள் இருப்பவர் பாதி விலை கொடுக்கிறார். மீதிப் பாதி அரசின் மானியம். 501-வது யூனிட் ஓடியதும் அந்தச் சலுகை முழுவதும் போய்விடுகிறது. இழக்கும் மானியம் 235 ரூபாய், 501-வது யூனிட்டின் விலை 8 ரூபாய் 40 காசு. இரண்டும் சேர்ந்து 243 ரூபாய் 40 காசு. எதிர் வீட்டுக்காரரின் கணக்கு இதுதான்.

இந்தச் சுவர் புதிதல்ல. 2022 செப்டம்பருக்கு முந்தைய கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய், 501 யூனிட்டுக்குச் சுமார் 1,787 ரூபாய். அப்போது ஒரு யூனிட்டுக்காகத் தாண்ட வேண்டியிருந்தது கிட்டத்தட்ட 657 ரூபாய். 2022 மாற்றத்தில் சுவரின் உயரம் குறைந்தது. ஆனால் 500-க்குள் இருப்பவர்களின் பில்லும் 1,725 ரூபாயாக ஏறியது. வீடுகளுக்கான ‘நிலைக் கட்டணம்’ ரத்தானதும் அப்போதுதான்.

கணக்கீட்டு நாள்: ஐந்து நாள் தாமதத்தின் விலை

ஸ்லாப் என்பது யூனிட்டை எண்ணுகிறது, நாட்களை எண்ணுவதில்லை. ரீடிங் எடுக்க ஊழியர் 60 நாளில் வந்தாலும் 65 நாளில் வந்தாலும் அதே 500 யூனிட்தான் எல்லை.

ஒரு நாளைக்கு 8 யூனிட் பயன்படுத்தும் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். 60 நாளில் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், பில் 1,679 ரூபாய். ஐந்து நாள் தாமதமானால் 520 யூனிட், பில் 2,208 ரூபாய். “அடுத்த தடவை அஞ்சு நாள் குறையும், சரியாப் போயிடும்” என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் பதில். பாதிதான் உண்மை. அடுத்த முறை 55 நாளுக்கு 440 யூனிட், பில் 1,427 ரூபாய். இரண்டு பில்லையும் கூட்டினால் 3,635 ரூபாய். சரியாக 60 நாளுக்கு ஒருமுறை எடுத்திருந்தால் 3,358 ரூபாய்தான். கரண்ட் அதே அளவுதான் ஓடியிருக்கிறது, ஆனாலும் 277 ரூபாய் கூடுதல்.

அதனால் பில்லில் தொகைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது இரண்டு தேதிகளை: முந்தைய ரீடிங் தேதி, இந்த ரீடிங் தேதி. வெள்ளை அட்டையிலும் ஆன்லைன் கணக்கிலும் இவை இருக்கும்.

மாதாந்திர பில் வந்தால் குறையுமா?

மாதந்தோறும் ரீடிங் எடுக்க வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை. 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதிகளிலும் இது இருந்தது. மாதாந்திர பில் என்றாலே பணம் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஸ்லாப்பை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்த ஸ்லாப்களை அப்படியே பாதியாக்கினால் என்ன ஆகும்? ஒரு வீட்டில் ஒரு மாதம் 150 யூனிட், ஏசி ஓடும் அடுத்த மாதம் 350 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட், 1,805 ரூபாய். மாதக் கணக்கில் முதல் மாதம் 352 ரூபாய் 50 காசு. இரண்டாம் மாதம் 250 யூனிட் எல்லையைத் தாண்டிவிடுவதால் 1,912 ரூபாய் 50 காசு. மொத்தம் 2,265 ரூபாய். குறையவில்லை, 460 ரூபாய் ஏறுகிறது.

மாதாந்திர முறையின் உண்மையான லாபம் வேறு. ஏசி அதிகம் ஓடியது அந்த மாதமே தெரிந்துவிடும், கையைக் கடிக்கும் மொத்தத் தொகை இரண்டாகப் பிரியும். பில் குறையுமா என்பது ஆணையம் எழுதும் அட்டவணையில்தான் இருக்கிறது.

கதவு பூட்டு: பழைய தொகை, புதிய குழப்பம்

ரீடிங் எடுக்க வரும்போது வீடு பூட்டியிருந்தால், முந்தைய பில் தொகையே தற்காலிகமாக விதிக்கப்படும். அடுத்த ரீடிங்கில் சரிக்கட்டுவார்கள். 2020 ஊரடங்கில் மாநிலம் முழுவதுமே இந்த நிலைதான். நான்கு மாதப் பயன்பாட்டை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டு, ஏற்கெனவே கட்டிய தொகையைக் கழித்தார்கள். கழிக்க வேண்டியது தொகையை அல்ல, யூனிட்டை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2020 ஜூலையில் அது தள்ளுபடியானது. வேலைக்குப் போகும் தம்பதியர் ரீடிங் தேதி வாக்கில் மீட்டர் எண்ணை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் கணக்கைச் சரிபார்க்க ஓர் ஆதாரம் இருக்கும்.

1-ஏ, 1-டி: ஓர் எழுத்தின் விலை

பில்லில் ‘டாரிஃப்’ என்ற இடத்தில் 1-ஏ என்று இருந்தால் அது வீட்டு இணைப்பு. இலவச யூனிட்டும் மானியமும் இதற்குத்தான். அபார்ட்மென்ட்டில் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்குக்கான பொது இணைப்பு 1-டி. 2022-ல் இதற்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. 2023 அக்டோபரில், 10 வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிகளுக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். ‘மெயின்டனன்ஸ் ஏன் ஏறுச்சு?’ என்று அசோசியேஷன் கூட்டத்தில் கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பொது மீட்டரின் டாரிஃபை.

வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் ஒரே விலையாக வாங்கும் இடங்களில் ஸ்லாப்பும் மானியமும் குடியிருப்பவரின் கண்ணுக்கே தெரியாது. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் 200 யூனிட்டுக்கு 1,600 ரூபாய். 2024 ஜூலை அட்டவணைப்படி, தனி இணைப்பு உள்ள வீட்டில் அதே 200 யூனிட்டுக்கு 235 ரூபாய்தான். வீடு பார்க்கப் போகும்போதே “தனி சர்வீஸா, சப்-மீட்டரா?” என்று கேட்பது அட்வான்ஸ் பேரம் பேசுவதைவிட முக்கியம்.

டெபாசிட்: அபராதம் அல்ல

சில பில்களில் திடீரென்று ‘கூடுதல் டெபாசிட்’ என்று ஒரு தொகை சேர்ந்து வரும். சிசி டெபாசிட் என்பது மின் நுகர்வுக்கான காப்புத் தொகை. வீட்டின் சராசரிப் பயன்பாடு கூடியிருந்தால் டெபாசிட்டும் போதவில்லை என்று கணக்கிட்டு மீதியைக் கேட்பார்கள். இதற்கு ஆண்டுதோறும் வட்டி உண்டு, பில்லிலேயே கழிப்பார்கள். இணைப்பை ஒப்படைக்கும்போது பணம் திரும்பக் கிடைக்கும். யார் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவருக்குத்தான் அது போகும் என்பதால், வாடகைக்கு இருப்பவர் இந்தத் தொகையைக் கட்டினால் ஓனரிடம் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பில்லில் சந்தேகம் வந்தால்?

முதலில் இந்த ரீடிங்கிலிருந்து பழைய ரீடிங்கைக் கழித்து, யூனிட் சரியா என்று பார்க்கலாம். பிறகு அந்த எண்ணை மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் உள்ள பில் கால்குலேட்டரில் போட்டால், அன்றைய கட்டணப்படி தொகை வந்துவிடும். வித்தியாசம் இருந்தால் பிரிவு அலுவலகத்திலோ, 94987 94987 என்ற ‘மின்னகம்’ எண்ணிலோ புகார் செய்யலாம். மீட்டரே ஓடுகிறது என்று தோன்றினால் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கச் சொல்லலாம். அங்கும் தீராவிட்டால் வட்ட அளவில் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர்.

இதெல்லாம் பில் வந்த பிறகு செய்வது. 500 யூனிட் சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்குப் பில் வருவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. கடந்த ரீடிங்கிலிருந்து 50-வது நாள் மீட்டரைப் பார்த்து, பழைய எண்ணைக் கழித்தால் போதும். 450 யூனிட்டைத் தாண்டியிருந்தால், மிச்சமிருக்கும் பத்து நாளில் நாளைக்கு ஐந்து யூனிட்டுக்குள் நின்றாக வேண்டும். கீசரையும் ஏசியையும் கொஞ்சம் பார்த்துப் போட்டால் அது நடக்கும். எதிர் வீட்டுக்காரர் அன்று மீட்டரைப் பார்த்திருந்தால், அவருடைய பில்லும் 1,805 ரூபாயோடு நின்றிருக்கும்.