பாட்டில் ஏசு இருந்தால் ஓட்டு யாருக்கு?

கழுத்தில் சிலுவை தெரிந்தால் கட்சியும் தெரிந்துவிடும் என்கிறார்கள். தேர்தல் நெருங்கினால் திருக்கோவிலூர்க் கடைத்தெருவிலும் சென்னைத் தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கிற கருத்து இது. கிறிஸ்தவப் பெயருள்ள இசையமைப்பாளரோ, பக்திப்பாட்டு ஆல்பம் வெளியிட்ட பாடகியோ, பாடவும் ஆடவும் தெரிந்த நட்சத்திரமோ, யாரானாலும் அவருடைய அரசியல் ஞானஸ்நானத்தன்றே முடிவாகிவிட்டதாம். 2017இல் ‘மெர்சல்’ படத்தில் ஜி.எஸ்.டி. பற்றி வந்த வசனம் சர்ச்சையானபோது, பாஜகவின் எச். ராஜா நடிகர் விஜயின் வாக்காளர் அட்டையை வெளியிட்டு, அதிலிருந்த ‘ஜோசப் விஜய்’ என்ற பெயரைச் சுட்டிக்காட்டினார். வரியைப் பற்றிக் கேட்டவருக்கு மதத்தைச் சொல்லிப் பதில் வந்தது. இந்தப் போக்குக்குத் துணையாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: பாடுகிற பாட்டே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் நாளெல்லாம் மைக்செட்டில் ஒலிப்பது எல்.ஆர். ஈஸ்வரியின் குரல். அவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். முழுப்பெயரில் லூர்து மேரி என்று இருக்கிறது. சபரிமலையில் நடை சாத்தும்போது ஒலிக்கும் குரல் கே.ஜே. யேசுதாசுடையது, அவரும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவரே. பாட்டைக் கேட்டு இவர்களுடைய மதத்தையே சொல்ல முடியாதபோது ஓட்டை எப்படிச் சொல்வது?

நாகூர் ஹனிபாவைக் காட்டி எதிர்வாதம் செய்யலாம். இறைவனையும் திமுகவையும் ஒரே குரலில் பாடியவர் அல்லவா? உண்மைதான். ஆனால் அவர் பாடிய கட்சி, கடவுள் மறுப்பு பேசிய இயக்கத்திலிருந்து பிறந்தது. இஸ்லாமியப் பாட்டை மட்டும் கேட்ட ஒருவர், இவர் அந்தக் கட்சிக்குத்தான் போவார் என்று ஊகித்திருக்க வழியே இல்லை. அவருக்குள் இரண்டும் சேர்ந்திருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்று முளைக்கவில்லை.

இரண்டாம் வாதம்: ஒரே வேதம், ஒரே பாட்டு; எனவே ஒரே அரசியல்.

தமிழ்க் கிறிஸ்தவ இசையின் வரலாறே இதை மறுக்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இரண்டாம் சரபோஜி மன்னரோடு மிஷனரி சுவார்ட்ஸிடம் பயின்றவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். அவர் கீர்த்தனைகள் இன்றும் சபைகளில் பாடப்படுகின்றன. 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார்ந்து நற்கருணை வாங்க வேண்டும் என்றபோது, அதைக் கடுமையாக எதிர்த்து எழுதியவரும் அவர்தான். நூற்றைம்பது ஆண்டு கழித்து மதுரை இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு (1940–2005) பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்து, தலித் விடுதலையைப் பாட்டாக்கினார். இருவரும் பாடியது ஒரே ஏசுவை. சாதி என்ற கேள்வியில் இருவரும் நேர் எதிர்த் திசையில் நின்றார்கள்.

திருக்கோவிலூருக்கு இது வெளியூர்க் கதையல்ல. இங்குள்ள டேனிஷ் மிஷன் மருத்துவமனையின் பின்னணியிலும் இதே சண்டை இருக்கிறது. லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதியைச் சகித்துக்கொள்கிறது என்று முரண்பட்டு வெளியேறிய மிஷனரி கார்ல் ஓக்ஸ், 1860களில் பட்டாம்பாக்கத்தில் தனியே பணியைத் தொடங்கினார். அதை டேனிஷ் மிஷன் ஏற்று நடத்தியதன் தொடர்ச்சிதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. லுத்தரின் அதே ஞானப்பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். பாட்டுப் புத்தகம் அந்தப் பிரிவைத் தடுக்கவும் இல்லை, உண்டாக்கவும் இல்லை.

மூன்றாம் வாதம்: கிறிஸ்தவப் பாட்டு வெறும் பக்தியல்ல, மறைமுக அரசியல், கோயில் ராகத்தைத் திருடி மதம் மாற்றும் வேலை.

2018 ஆகஸ்டில் இந்த வாதம் உச்சத்துக்குப் போனது. கர்நாடக இசைப் பாடகர் ஓ.எஸ். அருண் ஏசுவைப் பற்றிப் பாடவிருந்த கச்சேரி மிரட்டல்களுக்குப் பின் கைவிடப்பட்டது. அப்படிப் பாடிய வேறு கர்நாடகக் கலைஞர்களும் வசைக்கு ஆளானார்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா, இனி மாதம் ஒரு பாட்டு ஏசு மீதோ அல்லா மீதோ வெளியிடுவேன் என்று அறிவித்தார்.

திருட்டு என்று சொல்ல, பொருள் இன்னொருவருடையதாக இருக்க வேண்டும். சாஸ்திரியார் தஞ்சையில் கீர்த்தனை பாடிய காலத்தில் திருவையாற்றில் தியாகராஜர் (1767–1847) வாழ்ந்துகொண்டிருந்தார். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவருடைய ‘சர்வசமய சமரசக் கீர்த்தனை’யிலிருந்து சபாக்களில் பாடியவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகர’த்தை வெளியிட்டுத் தமிழிசை ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டார். இந்த இசையை வளர்த்தவர்களையே அதில் குடிக்கூலி கட்டச் சொல்வது நியாயமில்லை. மேலும், அந்தச் சர்ச்சையில் அடிபட்டவர்களில் பலர் கிறிஸ்தவர்களே அல்ல. அவர்கள் ஏசுவைப் பாடியதால் எந்தக் கட்சிக்காரர் ஆனார்கள்?

நான்காம் வாதம்: கிறிஸ்தவர் ஓட்டு மொத்த ஓட்டு, பாடகர் சாய்ந்தால் சபையே சாயும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். 2014 மக்களவைத் தேர்தலில் அங்கே காங்கிரஸ், அதிமுக, திமுக, மார்க்சிஸ்ட் நான்கும் தனித்தனியே நின்றன. அதிமுகவுக்கு ஜான் தங்கம், மார்க்சிஸ்ட் கட்சிக்குப் பெல்லார்மின். வென்றவர் பாஜகவின் பொன். இராதாகிருஷ்ணன். மொத்தமாக ஒரு பெட்டியில் விழுகிற ஓட்டு இருந்திருந்தால் அந்த முடிவு வந்திருக்குமா? கடல் தாண்டினால், யாழ்ப்பாணத்தில் இந்துக்கள் பெரும்பான்மையாக உள்ள காங்கேசன்துறைத் தொகுதி, கிறிஸ்தவரான தமிழர் தலைவர் செல்வநாயகத்தை 1952இல் தோற்கடித்தது; 1956இலிருந்து அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது. அவர் மதம் மாறவில்லை. மொழிப் பிரச்சினை முன்னுக்கு வந்திருந்தது.

சபைக்குள்ளும் ஓட்டு ஒன்றல்ல, ஏனென்றால் நிலைமை ஒன்றல்ல. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. பிறகு சீக்கியருக்கும் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. எனவே ஒரு தலித் கிறிஸ்தவர் தன் நம்பிக்கையை ஊரறியப் பாடினால், அவருடைய சான்றிதழும் தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும் கேள்விக்குள்ளாகும். பக்கத்து இருக்கையில் அதே பாட்டைப் பாடுகிற நிலக்காரருக்கு இந்த இழப்பு இல்லை. பாட்டு அரசியல் லாபம் தருகிறது என்பவர்கள், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

கடைசி வாதம்: அப்படியானால் நம்பிக்கைக்கும் அரசியலுக்கும் தொடர்பே இல்லை என்கிறீர்களா?

இல்லை. ஓக்ஸையும் அப்பாவுவையும் நகர்த்தியது நம்பிக்கைதான். அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் ஊரறிந்த கிறிஸ்தவர், மதபோதகர் பில்லி கிரகாமின் நண்பர். 1970இல் அதிபர் நிக்சனின் வெள்ளை மாளிகையில் பாட அழைக்கப்பட்டார். அரசு உதவி வாங்கும் ஏழைகளைக் கேலி செய்யும் ஒரு பாட்டைப் பாடும்படி கேட்டார்கள். அவர் அதைப் பாடவில்லை. இளைஞர்களின் கேள்விகளுக்குப் பரிந்து பேசும் தன் பாட்டைப் பாடினார். நிக்சனின் விருந்தாளியாகவும் இருந்தார், அவர் விரும்பாத பக்கமும் நின்றார். நம்பிக்கை ஒருவரை எதை நோக்கித் தள்ளும் என்பது அவருடைய சாதியையும் கூலியையும் காலத்தையும் மனசாட்சியையும் பொறுத்தது. தொடர்பு இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்துக் கணிக்கத்தக்க சூத்திரம்தான் இல்லை.

விஜய் 2024இல் கட்சி தொடங்கினார். திருக்கோவிலூருக்குத் தொலைவில்லாத விக்கிரவாண்டி வி. சாலையில் அதன் முதல் மாநாடு நடந்தது. கொள்கை வழிகாட்டிகளாகப் பெரியார், காமராஜர், அம்பேத்கர், வேலுநாச்சியார், அஞ்சலை அம்மாள் ஆகியோரை அறிவித்தார். திருச்சபைத் தலைவர் யாரும் அதில் இல்லை. அந்தப் பட்டியலை ஏற்கலாம், எதிர்க்கலாம். அதற்குக் காரணமும் சொல்லலாம். வாக்காளர் அட்டையிலுள்ள பெயரை எடுத்து வீசினால், காரணம் சொல்லும் வேலையிலிருந்து நாம் தப்பித்துக்கொள்கிறோம், அவ்வளவே. ஒரு பாடகரின் அரசியலை அறிய வேண்டுமானால், கூலியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் வரியைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். அவர் சாமியிடம் என்ன கேட்கிறார் என்பது அவர் சொந்த விஷயம்.