மூன்றுக்குப் பதில் இரண்டு

சித்தி பையன் பைலட் ஆகப் போகிறான். அதற்காகச் சித்தி வீட்டை அடகு வைத்திருக்கிறாள் என்பதால் குடும்பமே அவனைக் கொஞ்சம் பயபக்தியோடு பார்க்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தான். அட்டையில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று போட்டிருந்தது. ஏதோ நாட்டிய சமாசாரம் என்று நினைத்தேன்.

"அண்ணா, நீங்க பி.காம். தானே? இந்தக் கணக்கையெல்லாம் கொஞ்சம் செக் பண்ணிக் குடுங்க."

விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஜன்னல் சீட்டும் ஆறிப் போன உப்புமாவும்தான். ஆனால் புத்தகத்தைப் பிரித்தால் முழுக்க வரவு செலவு! விமானம் எத்தனை டன், ரன்வே எத்தனை மீட்டர், எத்தனை டிகிரி வெயில், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது. வெயில் ஏறினால் காற்று லேசாகி விடுகிறது. இறக்கைக்குப் பிடிமானம் குறைச்சல், எஞ்சினுக்கும் சாப்பாடு குறைச்சல். 2017 ஜூனில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வெயில் 118 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டப் போகிறது என்று சின்ன ஜெட் விமானங்களை ரத்தே செய்தார்கள். அவற்றின் கணக்குப் புத்தகம் 118-டன் முடிந்து விடுகிறதாம்.

எல்லாக் கணக்கிலும் தலையாயது எடை. இதில் ஒரு விசித்திரம். விமானத்தைத் தூக்கித் தராசில் வைத்து விட்டு யாரும் புறப்படுவதில்லை. காலி விமானம் இவ்வளவு, பெட்டிகள் இவ்வளவு, பெட்ரோல் இவ்வளவு, ஆளுக்குச் சராசரியாக இவ்வளவு என்று கூட்டிப் போடுகிறார்கள். சராசரி சரியா என்று பார்க்க 2023-ல் ஏர் நியூஸிலாந்து கம்பெனி ஆக்லாந்தில் பயணிகளை மெஷினில் ஏற்றி நிறுத்தியது. நம்பரை அவர்களுக்குக் காட்டவில்லை. நாகரிகம் தெரிந்தவர்கள்.

இந்த எடையை வைத்துத்தான் சில வேகங்கள் வருகின்றன. முக்கியமானது வி-ஒன். அதுவரை ஏதாவது கோளாறு என்றால் பிரேக் போட்டு ரன்வேக்குள்ளேயே நின்று விடலாம். அதைத் தாண்டினால் எஞ்சின் ஒன்று போனாலும் கிளம்பித்தான் ஆக வேண்டும். அந்த வேகம் வந்ததும் கேப்டன் எஞ்சின் லீவரிலிருந்து கையை எடுத்து விடுவாராம், நிறுத்தலாமா என்ற சபலமே வரக் கூடாது என்று. அடுத்தது மூக்கைத் தூக்கும் வேகம். எடை 4 மடங்கானால் இந்த வேகம் 2 மடங்கு வேண்டும்.

அப்புறம் ஒரு சிக்கனம். ரன்வே நீளம், சுமை குறைச்சல் என்றால் எஞ்சினை முழுசாக விரட்ட மாட்டார்கள், தேய்மானம் மிச்சம். (தேய்மானம் என்றதும் எனக்குப் புத்தகத்தின் மேல் பிரியம் வந்து விட்டது.) அதற்கு எஞ்சினிடம் ஒரு பொய் சொல்கிறார்கள். வெளியே 30 டிகிரி இருக்கும்போது 50 என்று. அதுவும் நம்பி அடக்கி வாசிக்கிறது.

இனி மெல்போர்ன். 2009 மார்ச் 20, இரவு பத்தரை மணி. துபாய் போக வேண்டிய எமிரேட்ஸ் விமானம், ஏர்பஸ் ஏ340-500. 257 பயணிகள், 18 சிப்பந்திகள். அந்த 18-ல் நாலு பேர் பைலட்டுகள். எடை 362.9 டன். லேப்டாப்பில் அடித்தது 262.9. மூன்றுக்குப் பதில் இரண்டு. அவ்வளவுதான்.

லேப்டாப் கேள்வி கேட்கவில்லை. 262.9-க்கு உரிய குறைந்த வேகங்களையும் அடக்கி வாசிக்கும் எஞ்சினையும் கொடுத்தது. விமானத்தின் சொந்தக் கம்ப்யூட்டரில் எடை சரியாகவே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். பார்ப்பதற்கு விதி இருந்தது. அன்றைக்கு அது நழுவி விட்டது.

மூக்கைத் தூக்கினார்கள், எழும்பவில்லை. வால் தரையில் தேய்ந்தது. ரன்வே முடியப் போகிற நேரத்தில் கேப்டன் லீவரை முழுசாகத் தள்ளினார். ரன்வேயும் முடிந்து, அதற்கப்பால் இருந்த விளக்கையும் ஆன்ட்டெனாவையும் இடித்துக் கொண்டு விமானம் மேலே போனது. உடனே இறங்கவும் முடியாது. இறங்கும்போது அனுமதிக்கிற எடை ஏறும்போதை விடக் குறைவு. வளைகுடாவுக்கு மேல் சுற்றி, பெட்ரோலைக் கொட்டி விட்டு வந்து இறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

ஐந்து வருஷம் முந்தி கனடாவின் ஹாலிஃபாக்ஸில் ஒரு சரக்கு விமானம், முந்தின ஊரில் போட்ட எடையையே வைத்து வேகம் கணக்குப் போட்டுக் கிளம்பியது. அதில் இருந்த 7 பேரும் இறந்து போனார்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி விட்டேன். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருஷம் குப்பை கொட்டியவன். அங்கே 'காலிங்' என்று ஒரு சடங்கு. ஒருத்தன் லெட்ஜரைப் படிப்பான், இன்னொருத்தன் டே புக்கைப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். மார்ச் மாதத்து ராத்திரி பத்து மணிக்கு நண்பன் படிக்க, நான் டிக் அடித்துக் கொண்டே போனேன். மறுநாள் டிரையல் பேலன்ஸில் சரியாக ஒரு லட்சம் உதைத்தது. மூன்று லட்சத்துச் சொச்சம் இரண்டு லட்சத்துச் சொச்சமாகி இருந்தது. அதன் மேல் என்னுடைய பச்சை டிக், அழகாக.

பெரிய கிளார்க் திட்டவில்லை. "தம்பி, காதால டிக் அடிச்சிருக்கீங்க" என்றார்.

எனக்கு டிரையல் பேலன்ஸ் இருந்தது, காட்டிக் கொடுத்தது. மெல்போர்னில் ரன்வேயின் முனைதான் காட்டிக் கொடுத்தது.

"என்னண்ணா, பார்த்துட்டீங்களா?" என்றான் சித்தி பையன், காப்பியை உறிஞ்சியபடி.

அவன் நோட்டில் பதினாலு கணக்கு. ஈர ரன்வேயில் இறங்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பது கடைசி. காய்ந்த ரன்வேக்கு வேண்டியதோடு இன்னும் 15 சதவீதம் சேர்க்கணுமாம். சேர்த்திருந்தான். பதினாலிலும் நான் டிக் போட்டிருந்தேன். மெல்போர்ன் கதையைப் படித்துக் கொண்டே போட்டது.

"இன்னும் இல்லடா. ரப்பர் இருந்தா குடு" என்றேன்.