சக்கர நாற்காலியில் வாழ்ந்த மாவீரர்!

மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கிரிக்கெட் வீரரின் மாமனார் பெயர் வரை ஒப்பிக்கும் இளைஞர்களுக்கு இவரைத் தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

1936ல் சியால்கோட்டில் பிறந்த சீக்கியர். இராணுவ அதிகாரி. மலையேறுவதில் தீராத ஆர்வம் கொண்டவர். கேப்டன் எம்.எஸ். கோலி தலைமையில் சென்ற இந்தியக் குழுவில் 9 பேர் 1965 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டனர். அவர்களில் ஒருவராக மே 29 அன்று ஏறியவர் இவர். நாடே கொண்டாடியது. சில மாதங்கள்தான்! அதே ஆண்டு மூண்ட இந்திய-பாகிஸ்தான் போரில் பாய்ந்த குண்டு இவரது முதுகுத்தண்டைத் தாக்கியது. உலகின் உச்சியில் நின்ற கால்கள் ஓய்ந்தன. அப்போது வயது 28.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர், இப்படியொன்று நம் நாட்டில் ஏன் இல்லை என்ற கேள்வியோடு திரும்பினார். ஆண்டுக்கணக்கில் முயன்று, இத்தாலி அரசின் உதவியும் பெற்று, டெல்லி வசந்த் குஞ்சில் முதுகுத்தண்டு காயங்களுக்கென்றே ஒரு மருத்துவ மையத்தை எழுப்பினார். மலையையும் விடவில்லை, பயணத்தையும் விடவில்லை. 1994ல் மத்திய ஆசியாவின் பட்டுப் பாதைப் பயணத்திற்குத் தலைமை தாங்கினார், சக்கர நாற்காலியோடு! 2022 ஜனவரி 14 அன்று தமது 85ஆம் வயதில் மறைந்தார்.

"சீக்கிய மேஜரின் கதை நமது ஏட்டில் எதற்கு?" என்று கேட்கும் சகோதரர்கள், ஒரு நாள் மாலை ஷிப்டு விடும் நேரத்தில் சேரப்பணஞ்சேரி சாலையோரம் வந்து நிற்கட்டும். ஒரகடத்துக் கார் கம்பெனிகளுக்கு ஓடும் கன்டெய்னர் லாரிகள்; அவற்றின் இடுக்கில் புகுந்து போகும் பைக்குகள். கட்டடச் சாரத்தில் இடுப்புக் கயிறு இல்லாமல் நிற்கும் வடநாட்டுத் தொழிலாளி. இவர்களில் ஒருவர் விழுந்தால் என்ன செய்கிறோம்? தலையை ஒருவர், காலை ஒருவர் பிடித்து, உடலை மடக்கி ஷேர் ஆட்டோவில் திணிக்கிறோம். முறிந்த முதுகெலும்பு அசைந்து நரம்பை நசுக்கினால், நடக்க வேண்டியவர் நிரந்தரமாகப் படுத்துவிடுவார். 108 வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பதே பேருதவி.

2021 டிசம்பரில் தொடங்கிய அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். பாராட்டுகிறோம். 49ஆவது மணியிலிருந்து? இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண். சிறுநீர்த் தொற்று. வேலைக்குப் போவதை நிறுத்தும் மனைவி, பள்ளியை விடும் பிள்ளை. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் கம்பெனி வாசலில் பெயரைக்கூடக் கேட்கமாட்டார்கள்.

நம் மாநிலத்திலேயே வழிகாட்டி உண்டு. 1975ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981ல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். படுத்த நிலையில் ஒருவர் கிராமத்தில் செய்ததை, இத்தனை தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரகடத்தில் செய்ய முடியாதா? கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. அசைய முடியாதவரை வாரந்தோறும் அவ்வளவு தூரம் தூக்கிச் செல்ல எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்? 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் இங்கேயே ஒரு மையம் கேட்போம்.

அதற்கு மனு எழுதும் கையோடு நமது பள்ளிவாசல் படிகளையும் பாருங்கள். சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் போட எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும்? வரும் ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகள் உட்கார்ந்து கணக்குப் போடட்டும்.