வலைக்கு விலக்கு எங்கே?

துறைமுகம் எழுந்தபின் மணற்கரையை இழந்து, கருங்கற் குவியலையே அரணாகக் கொண்டு நிற்கிறது புதுவைக் குருசுக்குப்பம். கடல் விட்டுவைத்ததையும் கடன் கொண்டுபோகுமோ என்று அஞ்சும் மீனவர் ஒருவர் அங்கே என்னை வினவினார்: "அமீனா வந்தால் வலையாவது மிஞ்சுமா, அஜரத்?"

மஞ்சள் கடுதாசி கொடுத்தவனுக்கு எதுவுமே மிஞ்சாது எனப் பலர் கருதுகின்றனர். அது பிழை. ஜப்திக்கு விலக்கான பொருள், கடன் கொடுத்தோரின் பங்கில் சேராது என்கிறது 1920ஆம் ஆண்டின் மாகாண இன்சால்வென்சிச் சட்டம். அப்பொருள்களை 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவில் வகுக்கிறது: உடுதுணி, சமையற் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண்கள் கழற்றலாகாத அணி, கைவினைஞரின் கருவி, உழவரின் ஏர், மாடு, விதைத் தானியம், உழவரும் கூலியாளும் வீட்டு வேலையாளும் குடியிருக்கும் வீடு.

இப்பட்டியலில் மீனவர் எங்கே? ஏருக்குப் பெயர் உண்டு. படகுக்கும் வலைக்கும் இல்லை!

"மீனவரும் கைவினைஞரே" என வாதிடலாம் என்பர். வாதிடலாம்தான். ஆனால் வலையைப் பறிகொடுத்தவர் வழக்கறிஞருக்கு எதைக் கொடுப்பார்? உழவரை வாதிடச் சொல்லாத சட்டம் மீனவரை மட்டும் ஏன் வாதிடச் சொல்ல வேண்டும்?

2016ஆம் ஆண்டின் திவால் சட்டம், அடமானப்படாத தொழிற்கருவியையும் வாகனத்தையும் எத்தொழிலாளருக்கும் விட்டுவைக்கிறது. ஆயினும் 2019 டிசம்பர் 1 அன்று அப்பகுதி நடைமுறைக்கு வந்தபோது, கம்பெனிக் கடனுக்குப் பிணை நின்றோர்க்கு மட்டுமே வந்தது. தனவந்தருக்குத் திறந்த கதவு வலைஞருக்குத் திறக்கவில்லை.

"கடன் கொடுத்தவனின் உரிமை என்னாவது?" என்ற வினா நியாயமானதே. கடனைத் தீர்ப்பது கடமை. அதில் மார்க்கம் சலுகை காட்டவில்லை. ஆனால் வாங்கிய கனிகளில் நட்டமுற்றுக் கடனில் மூழ்கிய ஒருவருக்காக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தர்மம் திரட்டச் செய்தார்கள். அதுவும் போதாதபோது, கிடைத்ததைப் பெற்றுக்கொள்ளுங்கள், அதற்குமேல் உங்களுக்கு இல்லை என்று கடன் கொடுத்தோரிடம் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிம் அறிவிக்கிறது. முஃப்லிஸின் குடியிருப்பை விற்கலாம் என்னும் நம் ஷாஃபிஈ நூல்களும் அவனுக்கு உடையையும் அன்றைய உணவையும் விட்டன. ஹன்பலி அறிஞர்களோ வீட்டையும் தொழிற்கருவியையும் விட்டனர். கருவி பிழைத்தால்தான் கடனும் பிழைக்கும் என்பதை வணிகம் அறிந்த எவரும் மறுக்கமாட்டார்.

பல மாநிலங்கள் 60ஆம் பிரிவைத் தமக்கேற்பத் திருத்தியுள்ளன. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு புதுவைச் சட்டமன்றமும் திருத்தலாம். உழவர் என்ற சொல்லுக்கு அருகே மீனவர் என்ற ஒரு சொல். அவ்வளவே நாம் கேட்பது. அச்சொல் ஏறும்வரை, குருசுக்குப்பத்தில் என்னை வினவியவருக்கு நான் சொல்லத்தக்க விடை இல்லை.