எழுதிக்கொடுத்தால் முடிந்ததா?

2017க்கு முன்பு புதுக்கோட்டை மாவட்டத்தில் உயிருக்கு ஆபத்து என்றால் பேச்சு தஞ்சாவூரில்தான் போய் நிற்கும். விபத்தோ, நெஞ்சுவலியோ, சிக்கலான பிரசவமோ, "தஞ்சாவூருக்கு எழுதிட்டாங்க" என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் வீட்டார் பணத்துக்கும் வண்டிக்கும் அலையத் தொடங்குவார்கள். அந்த ஆண்டு ஜூனில் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டு, 150 மாணவர்களுடன் வகுப்புகள் தொடங்கின. 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தது யார் என்ற சண்டை மேடைகளில் ஓய்ந்தபாடில்லை. அது கட்சிக்காரர்கள் பாடு. கல்லூரி வந்ததால் மாவட்டத்துக்கு நன்மை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் எழுதிக்கொடுப்பது நின்றுவிடவில்லை. சீட்டில் தஞ்சாவூர் இருந்த இடத்தில் இப்போது முள்ளூர் இருக்கிறது, அவ்வளவுதான்.

4,663 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 16.18 லட்சம், ஐந்தில் நான்கு பேர் கிராமத்தார். கோட்டைப்பட்டினத்தில் ஒரு மீனவருக்கு நள்ளிரவில் நெஞ்சு அடைத்தால் முள்ளூர் வந்து சேர ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஆகும். 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் அந்தத் தூரம் சுருங்காது. வழியில் இருக்கும் மணமேல்குடி, அறந்தாங்கி மருத்துவமனைகள் என்ன செய்கின்றன என்பதில்தான் அவர் உயிர் இருக்கிறது.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரைக் கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையும் தன்மை கெடும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு மெல்லச் சாய்த்தால் உறையாமல் தண்ணீராக ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். ஓடினால் விஷமுறிவு மருந்தைத் தாமதிக்காமல் ஏற்ற வேண்டும். தாலுகா மருத்துவமனையில் செய்யக்கூடிய காரியம்தான். ஆனால் மருந்து ஒவ்வாமல் நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம், இரவில் தனியாக நிற்கும் இளம் டியூட்டி டாக்டரின் கையைக் கட்டிப்போடும். முள்ளூரிலிருந்து ஒரு பேராசிரியர், "ஏற்றுங்கள், நான் லைனில் இருக்கிறேன்" என்று சொன்னால் அந்தக் கை அவிழும். இன்றைய ஏற்பாட்டில் அப்படிச் சொல்வது யாருடைய வேலையும் அல்ல.

கோளாறு இங்கேதான். முள்ளூர் மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகிறது. தாலுகா மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தவை. ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பொது சுகாதாரத் துறை பார்த்துக்கொள்கிறது. டீன், இணை இயக்குநர், மாவட்ட சுகாதார அலுவலர் என்று ஆளுக்கொரு தலைமை. அவரவர் கோப்பு சென்னைக்கு அவரவர் வழியில் போகும். நோயாளி மட்டும் மூன்றையும் ஒரே இரவில் கடந்து வர வேண்டியிருக்கிறது.

மருத்துவமனையின் பொறுப்பு அதன் வாசலோடு முடிவதும் இல்லை. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தின் வேங்கைவயலில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தபோது, குடிநீரைச் சோதித்துப் பாருங்கள் என்று சொன்னவர்கள் சிகிச்சை அளித்த மருத்துவர்கள். அதன் பிறகே மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்த கொடுமை வெளியே தெரிந்தது. படுக்கையில் கிடப்பவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார், என்ன தண்ணீர் குடித்தார் என்று கேட்பதும் வைத்தியம்தான். அது ஓரிரு மருத்துவரின் அக்கறையாக நின்றுவிடாமல் மருத்துவமனையின் அன்றாட வேலையாக வேண்டும்.

தாலுகா மருத்துவமனைகளுக்கு முள்ளூர் கைகொடுக்க வேண்டும் என்றால், முள்ளூரிலேயே கூட்டம் தாங்கவில்லை, அங்கிருந்து ஆளை வெளியே அனுப்பச் சொல்வது நியாயமா என்று மருத்துவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. இருப்பவர்களையே அங்கும் இங்கும் மாற்றிப்போட்டுக் கணக்குக் காட்டுவது தீர்வாகாது. கூடுதல் பணியிடங்களை அரசு தந்தே ஆக வேண்டும். அதே நேரம், ஆலங்குடியிலும் இலுப்பூரிலும் பொன்னமராவதியிலும் இரவில் ஒரு சிசேரியன் நடக்க வழியிருந்தால் முள்ளூரின் பிரசவ வார்டில் நெரிசல் தானாகக் குறையும். அதற்கு மகப்பேறு மருத்துவர் மட்டும் போதாது, மயக்க மருந்து நிபுணரும் வேண்டும். முதுநிலை மருத்துவ மாணவர்கள் 3 மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்ற தேசிய விதி ஏற்கெனவே இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையாகத் தரம் உயர்த்தப்பட்ட அறந்தாங்கிக்கு அவர்களை முறைவைத்து அனுப்பலாம். மூன்று துறைகளின் மருத்துவமனைகளுக்கும் சேர்த்து, 24 மணி நேரமும் முள்ளூர் நிபுணர் பதில் சொல்லும் ஒரு தொலைபேசி எண்ணைத் தர சட்டத் திருத்தம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.

மேலே அனுப்பப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் கணக்கு வேண்டும் என்பது நம் அடுத்த கோரிக்கை. எந்த மருத்துவமனை அனுப்பியது, எதற்காக, அங்கேயே பார்த்திருக்க முடியுமா, வந்தவர் பிழைத்தாரா என்பதை டீனும் இணை இயக்குநரும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாளான ஜூலை 30ஐத் தமிழக அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது. அவர் பிறந்த மாவட்டத்தில் அன்றைக்கு, படத்துக்கு மாலை போட்ட கையோடு, நோயாளிகளின் பெயரை விட்டுவிட்டு அந்த ஓராண்டுக் கணக்கை மக்கள் முன் வைக்கட்டும்.