மாத்திரை வாங்குற நாள்

எங்க ஓபிக்கு வர்ற ஒரு அம்மாவைப் பத்திக் கொஞ்சம் நீளமா எழுதணும். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.

வயசு 57. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். கணவர் திடீர்னு இறந்துட்டார். கருமாதி முடிஞ்ச கையோட மகன் சென்னைக்குக் கூட்டிட்டு வந்துட்டார். நாலாவது மாடி ஃப்ளாட். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் திரும்ப ராத்திரி ஆகும். நல்ல பிள்ளைகள்தான், அதையும் சொல்லிடறேன்.

முதல் ஆறு மாசத்தில் மூணு தடவை நடுராத்திரியில் கேஷுவாலிட்டிக்கு வந்தாங்க. நெஞ்சை அடைக்குது, மூச்சு முட்டுது. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல்.

துக்கத்தில் வர்ற நெஞ்சுவலியை நாங்க லேசா எடுத்துக்கறதில்லை. டகோட்சுபோன்னு ஒரு நிலை இருக்கு. 1990-ல் ஜப்பான் மருத்துவர்கள் வச்ச பேர். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் அடிப்பகுதி சரியா சுருங்காமல், ஆக்டோபஸ் பிடிக்கிற பானை மாதிரி உப்பிடும். மாரடைப்பு மாதிரியே இருக்கும், ஆனா ஆஞ்சியோவில் அதுக்கான அடைப்பு இருக்காது. மாதவிடாய் நின்ன பெண்களுக்குத்தான் அதிகம். பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்தில் சரியாகிடும்.

இந்த அம்மாவுக்கு அதுவும் இல்லை. சுகர் 300-ஐத் தாண்டியிருந்தது, தூக்கம் சுத்தமா இல்லை.

"பகல்ல யாரோட பேசுவீங்கம்மா?"

கொஞ்சம் யோசிச்சாங்க. "டிவி ஓடிக்கிட்டே இருக்கும் டாக்டர்."

மனநல ஓபிக்கும் அனுப்பினேன். மாசம் ஒருமுறை சுகர், பிபி மாத்திரை வாங்க எங்ககிட்ட வருவாங்க. அந்த வரிசையில்தான் அவரைப் பார்த்திருக்காங்க. 63 வயசு. அம்பத்தூர்ல லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். மனைவி புற்றுநோயில் போய் மூணு வருஷம். எங்க சீட்டு போடணும், எங்க ரத்தம் கொடுக்கணும்னு காட்டிக் கொடுத்ததில் ஆரம்பிச்சிருக்கு.

எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னா, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும், பேர் எழுதிக்கவான்னு கேட்டேன். ரெண்டு பேரும் தனித்தனியா, ஒரே மாதிரி, "வேணாம் டாக்டர், நேர்லயே வந்து வாங்கிக்கறேன்"னாங்க. ஒன்றரை மணி நேர வரிசைக்கு!

சுகர் நல்லா இறங்கிடுச்சு. ஒழுங்கா மாத்திரை போட்டதும் சாயங்காலம் நடந்ததும்தான் காரணம். காதல் வந்தா இன்சுலின் சுரக்கும்னு யாரும் ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க.

அப்புறம் மகன் வந்தார். "நீங்க எடுத்துச் சொல்லுங்க டாக்டர். அப்பா போய் ரெண்டு வருஷம்கூட ஆகலை. ஊர்ல என்ன பேசுவாங்க?"

நான் எடுத்துச் சொல்லலை. அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அம்மா போய் அப்பா தனியா நின்னிருந்தா, "சமைச்சுப் போட ஒரு ஆள் வேணும்"னு அதே ஊரே பொண்ணு பார்த்திருக்குமா, பார்த்திருக்காதா? அவர் பதில் சொல்லலை.

விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856-ல். 1967 தமிழ்நாட்டுத் திருத்தப்படி, உறவினர் நண்பர் முன்னால் மாலை மாத்திக்கிட்டாலே இந்துக்களுக்குக் கல்யாணம் செல்லும். சுயமா சம்பாதிச்ச சொத்துதான் பயம்னா உயில் எழுதிடலாம். இறந்தவர் அரசு ஊழியர்னா மட்டும், மறுமணத்தால் குடும்ப ஓய்வூதியம் நின்னு போகலாம், முதல்ல விசாரிச்சுக்கங்க. அதுக்காகவே கல்யாணம் பண்ணிக்காம துணையா மட்டும் இருக்கறவங்களும் உண்டு. அதுவும் அவங்க இஷ்டம்.

இறந்தவரை மறந்துட்டாங்கன்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க. இவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில் பாதி, அவரோட மனைவியைப் பத்தியும் இவங்களோட வீட்டுக்காரரைப் பத்தியும்தான். ஃப்ளாட்ல அந்தப் பேச்சை எடுத்தாலே, "விடும்மா, பழசை நினைக்காதே"ன்னு பிள்ளைகள் வாயடைச்சிடறாங்க. வேற யாருகிட்டதான் அவங்க பேசுவாங்க?

(மாசக்கணக்கில் துக்கம் குறையாம, தூக்கம் சாப்பாடு கெட்டு, உயிரோட இருக்கவே பிடிக்கலைன்னு தோணினா 14416-க்குக் கூப்பிடுங்க. இலவசம், தமிழ்ல பேசுவாங்க.)

போன வாரம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். கூட வந்தது இந்த அம்மா. ஃபார்மில் 'உறவுமுறை'ங்கற இடத்தில் பேனா நின்னுடுச்சு. "இதுல என்னம்மா எழுதறது?"ன்னு ஸ்டாஃப் நர்ஸைக் கேட்டாங்க. அவங்க 'தெரிந்தவர்'னு எழுதிட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து எத்தனை மணிக்கு ஒருமுறை விடணும்னு சொல்லிக் கொடுத்தாங்க.

மகன் வரலை. ஆனா திரும்பிப் போக ஆட்டோ புக் பண்ணி அனுப்பியிருந்தார்.