நாற்காலி வாசலிலே, பிள்ளை தரையிலே!



தேர்தல் நெருங்கினாலும் தீபாவளி நெருங்கினாலும் நம் தோட்டங்களுக்குச் சக்கர நாற்காலி வந்துவிடுகிறது. நடக்க இயலாத பிள்ளையை அதில் உட்காரவைத்துப் படம் பிடிக்கிறார்கள். மாலையும் கைதட்டலும் உண்டு. மறுநாள் போய்ப் பாருங்கள். நாற்காலியில் துணி காய்கிறது. பிள்ளை உள்ளே சிமெண்டுத் தரையில் கிடக்கிறது. ஏன்? லயத்து வாசலில் இரண்டு படி. கக்கூஸ் கதவோ நாற்காலியின் அகலம்கூட இல்லை!

வேண்டியது என்ன, மாளிகையா? படியின் உயரம் ஓர் அங்குலத்துக்கு ஓரடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. 14 அங்குலப் படிக்கு 14 அடி. உடைகல்லும் ஐந்தாறு மூட்டை சிமெண்டும் போதும். குந்தும் கக்கூஸின்மேல் வைக்க நடுவில் துளையிட்ட பலகை நாற்காலி ஒன்று, பிடித்து எழச் சுவரில் ஓர் இரும்புக் குழாய், அவ்வளவுதான்.

மூளைவாதப் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஐந்து, ஆறு வயதுவரை துணித் தூளியிலேயே போட்டு ஆட்டுகிற வீடுகள் உண்டு. பாசந்தான். ஆனால் தூளி வளைந்த உடம்பை வளைத்தே வைக்கிறது. மல்லாக்கக் கிடத்திக் கஞ்சி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். நிமிர உட்காரவைத்தே ஊட்ட வேண்டும். சுவர் மூலையைப்போல் இரண்டு பலகை, அடியில் ஒன்று, இடுப்புக்கு ஒரு பட்டை, கால்களுக்கு நடுவே ஒரு கட்டை. தோட்டத்துத் தச்சர் அரைநாளில் செய்துவிடுவார்.

துரையிடம் கேட்டால், "வீடு கம்பெனியுடையது, ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும்" என்கிறார். ஆம், கம்பெனியுடையதுதான்! அதனால்தான் செலவும் கம்பெனியுடையது என்கிறோம். கணக்கு எழுதும் கிராணி நான். பங்களாவுக்கு வெள்ளையடிக்க என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளையைத் தூக்க ஆளில்லாமல் தாய் பால்வெட்டை விட்டு வீட்டில் நிற்கிறாளே, அந்த நாட்கூலியை எந்தப் பத்தியில் எழுதுவது?

முன்வினை என்று பேசும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தப் படியைக் கட்டியது முன்வினை அல்ல, கொத்தனார்.

சட்டம் இல்லையா? 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்தது. 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம் உரிமைகளை அடுக்குகிறது. மீறினால் தண்டனை என்ன என்று தேடினால் அதில் இல்லை. ஏட்டுச் சுரைக்காய்!

ஆகவே மாப்பாவோடு அடுத்த கூட்டு ஒப்பந்தம் பேசும்போது இது கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும்: உடற்பேறு குறைந்த பிள்ளையுள்ள வீட்டுக்குச் சாய்தளம், கைப்பிடி, கக்கூஸ் நாற்காலி, கேட்ட 30 நாளுக்குள், நிர்வாகச் செலவில். கிளைச் செயலாளர்கள் லயம் லயமாகப் போய்ப் படியின் உயரத்தையும் கதவின் அகலத்தையும் அளந்து வரட்டும். அளவு நாடா ஆபீஸில் தருவார்கள். தராவிட்டால் என்னிடம் ஒன்று இருக்கிறது.